துருவேறி இறுகிய முன் சக்கர ஆக்சிலை வீட்டிலேயே கழற்றி மாட்டிய விதம்

மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி, டயரின் மேல்புறத்தை ஒரு கையாலும் அடிப்புறத்தை மறு கையாலும் பற்றிப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால், சக்கரம் சிறிதும் அசையக் கூடாது. என் வண்டியில் அது அசைந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் முன் பிரேக்கைப் பிடிக்கும்போதெல்லாம் ஹேண்டில்பாரில் ஒரு மெல்லிய நடுக்கம் வந்துகொண்டிருந்தது. சமதளச் சாலையில் மிதமான வேகத்தில் போகும்போது, டயரின் ஓசையோடு சேராத ஒரு கரகரப்பும் கேட்டது. நீண்ட இறக்கத்தில் வண்டியின் எடையும் பிரேக்கின் விசையும் முன் சக்கரத்தின் மீதே குவிவதால், சக்கரத்தை எளிதாகச் சுழல வைக்கும் குண்டு வளையமான பேரிங்கில் இருக்கும் சிறு தளர்ச்சியும் அங்கேதான் முதலில் கைக்குத் தெரியும்.

இந்த அசைவை உடனே பேரிங்கின் குறை என்று முடிவு செய்துவிடக் கூடாது. ஹேண்டில் கழுத்தில் அது திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட் தளர்ந்திருந்தாலும் ஏறத்தாழ இதே உணர்வுதான் கைக்கு வரும். எனவே முதலில், முன் சக்கரத்தை இருபுறமும் தாங்கும் இரண்டு ஃபோர்க் கால்களின் அடிப்பகுதியையும் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன். கழுத்தில் தட்டல் எதுவும் இல்லை. பிறகு ஃபோர்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தை மட்டும் ஆட்டியபோது, ஃபோர்க் நின்ற இடத்திலேயே நிற்க, சக்கரம் மட்டும் இடமும் வலமும் சாய்ந்தது. குறை சக்கரத்தின் நடுவில், அதாவது ஹப்புக்குள் இருக்கும் பேரிங்கில்தான் என்பது அப்போது உறுதியாயிற்று. பேரிங்கை அடைய வேண்டுமென்றால், சக்கரத்தின் நடுவே ஊடுருவி அதை ஃபோர்க்கோடு பிணைக்கும் தண்டான ஆக்சிலை உருவியாக வேண்டும்.

வண்டி 2016ஆம் ஆண்டைச் சேர்ந்தது, 150 சிசி, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். 2019 ஏப்ரலுக்குப் பின் விற்பனையான 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம் என்பதால், அவற்றின் முன் சக்கரத்தில் வேகத்தை அறியும் சென்சாரும் அதற்கென ஒரு பல்வளையமும் இருக்கும். அத்தகைய வண்டியில் இந்த வேலையைச் செய்பவர்கள் சென்சாரை முதலில் கழற்றிப் பத்திரமாக ஓரமாகக் கட்டிவிட வேண்டும். பல்வளையத்தில் அடி படவும் கூடாது, சென்சாரின் வயர் இழுபடவும் கூடாது. என் வண்டியில் அது இல்லை. வலப்புறம் டிஸ்க், இடப்புறம் ஸ்பீடோமீட்டர் கியர் பெட்டி, ஆக்சிலின் தலை வலப்பக்கம், நட்டு இடப்பக்கம், இடது ஃபோர்க் காலில் ஆக்சிலை நெருக்கிப் பிடிக்கும் சிறிய பிஞ்ச் போல்ட் ஒன்று என்பதுதான் அதன் அமைப்பு.

இந்தப் பகுதியில் ஆக்சில் இறுகிப் போவதற்கு ஒரு காரணம் வண்டி கழுவும் முறை என்பது என் கணிப்பு. வாட்டர் சர்வீஸ் கடையில் அழுத்தமாகப் பீய்ச்சும் தண்ணீரை நேராக ஹப்பின் நடுவில் காட்டுகிறார்கள். அந்த அழுத்தத்தைத் தடுக்கும் அளவுக்கு ஹப்பின் ரப்பர் சீல் வடிவமைக்கப்படவில்லை. அது தூசியையும் மழைத் துளியையும் தடுப்பதற்கு மட்டுமே. உள்ளே புகுந்த தண்ணீர் கிரீஸோடு கலந்து, வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. எங்கள் தெருவில் போர் தண்ணீர் பட்ட இடமெல்லாம் வெள்ளைப் படிவம் படிகிற அளவுக்கு உப்பு மிகுந்தது. அது காய்ந்த பின் விட்டுச் செல்லும் உப்பும் துரு ஏறுவதற்குத் துணை செய்கிறது. துரு பிடிக்கும் இடம் பெரும்பாலும் வெளியே தெரியாது. ஆக்சிலுக்கும் பேரிங்கின் உள்வளையத்துக்கும் இடையில் இருக்கும் மயிரிழை இடைவெளியும், இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவில் இருக்கும் ஸ்பேசர் குழாயும்தான் அந்த இடங்கள். இரும்பு துருவாக மாறும்போது அதன் கன அளவு பெருகுவதால், எளிதாக வழுக்கிக்கொண்டு வரவேண்டிய ஆக்சில் ஆப்பு அடித்ததைப் போல உள்ளே இறுகிவிடுகிறது.

முந்தைய நாள் மாலையே நட்டின் மரையிலும், ஆக்சில் தலை ஃபோர்க்கைச் சந்திக்கும் விளிம்பிலும் துருவை இளக்கும் எண்ணெயான டபிள்யூடி-40 அடித்து விட்டேன். இதில் ஒரே எச்சரிக்கை, அந்த எண்ணெயின் ஒரு துளிகூட டிஸ்க்கிலோ பிரேக் பேடிலோ படக் கூடாது என்பது. டிஸ்க்கில் பட்டதைத் துடைத்துவிடலாம். பேட் எண்ணெயை உறிஞ்சிவிட்டால் அதை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அதனால் டிஸ்க்கையும், பேடுகளைத் தாங்கி டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரையும் ஒரு பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டிய பிறகே அடித்தேன். ஒரு இரவு முழுவதும் ஊற விடுவதற்கும் கால் மணி நேரம் பொறுப்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. எண்ணெய் அந்தச் சிறு இடைவெளியில் தானாக ஊர்ந்து போவதற்கு நேரம் வேண்டும்.

மறுநாள் காலையில் செய்த முதல் வேலை, சக்கரத்தைத் தூக்குவதற்கு முன்பே நட்டைத் தளர்த்தியதுதான். வண்டி இரண்டு சக்கரங்களிலும் உறுதியாக நிற்கும்போது ஸ்பேனரில் முழு விசையையும் கொடுக்கலாம்; முன் சக்கரத்தைத் தூக்கிய பின் அதே விசையைக் கொடுத்தால் வண்டி ஸ்டாண்டிலிருந்து சரியும். முதலில் பிஞ்ச் போல்ட்டைத் தளர்த்த வேண்டும். அதை மறந்துவிட்டு நட்டையும் ஆக்சிலையும் எவ்வளவு அடித்தாலும், ஃபோர்க் கால் ஆக்சிலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு ஆக்சிலின் தலையை 17 அளவு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, நட்டை 19 அளவு பாக்ஸ் ஸ்பேனரால் திருப்பினேன். கடைசியாக டயர் மாற்றிய கடையில் நட்டை மெஷினால் இறுக்கியிருந்தபடியால், ஸ்பேனரின் கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீளத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. நட்டு ஒரு சுற்றுத் தளர்ந்ததும் நிறுத்திவிட்டேன். முழுவதும் கழற்றுவது பிறகுதான்.

சென்டர் ஸ்டாண்டு போட்டால் பொதுவாகப் பின் சக்கரம்தான் மேலே நிற்கும். முன் சக்கரம் உயர வேண்டுமானால் பின்புறத்தில் எடை ஏற்ற வேண்டும். பின் இருக்கையின் மீது ஒரு கேழ்வரகு மூட்டையை வைத்துக் கைப்பிடிக் கம்பியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினேன். பின் சக்கரம் தரையில் பதிந்து முன் சக்கரம் எழுந்தது. அந்த நிலையை மட்டும் நம்பி வேலை செய்வது ஆபத்து. எனவே எஞ்சினின் அடியில் சைலன்சர் குழாய் இல்லாத தட்டையான இடமாகப் பார்த்து, கார் ஜாக்கியையும் அதன் தலையில் ஒரு புளியங்கட்டையையும் வைத்து முட்டுக் கொடுத்தேன். புளிய மரம் எங்கள் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும். எளிதில் பிளக்காது, நசுங்காது. ஹேண்டில் ஒரு பக்கமாகத் திரும்பிவிடாதபடி அதையும் இரு புறமும் கயிற்றால் கட்டினேன். சிமெண்டுத் தரையில் செய்தால்தான் இவை எல்லாம் நிலையாக நிற்கும். மண் தரையில் ஜாக்கி சிறிது சிறிதாக இறங்கும்.

அடுத்தது காலிப்பர். சில வண்டிகளில் காலிப்பரைக் கழற்றாமலே சக்கரத்தை இறக்கிவிடலாம். என் வண்டியிலும் அது முடியும் என்றாலும், மாட்டும்போது டிஸ்க்கைப் பேடுகளின் நடுவில் நுழைப்பது சிரமம் என்பதால் இரண்டு போல்ட்டையும் கழற்றிக் காலிப்பரைத் தனியே எடுத்தேன். அதை ஹோஸ் குழாயில் தொங்க விடாமல் ஹேண்டிலோடு ஒரு கம்பியால் கட்டித் தூக்கினேன். இரண்டு பேடுகளுக்கும் நடுவில் டிஸ்க் தடிமனுக்குச் சமமான ஒரு மரத்துண்டைச் செருகி வைத்தேன். டிஸ்க் இல்லாத நேரத்தில் யாராவது தெரியாமல் பிரேக் லீவரைப் பிடித்துவிட்டால் பிஸ்டன் வெளியே தள்ளப்பட்டுவிடும். வீட்டில் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் இந்த மரத்துண்டு அவசியம்.

இனி ஆக்சில். நட்டை முழுவதும் கழற்றி, தலையைப் பிடித்து ஸ்பேனரால் திருப்பிப் பார்த்தபோது அது திரும்பவில்லை. உதவிக்கு இருந்த சித்தப்பா மகன் சுத்தியலைக் கையில் எடுத்துவிட்டான்.

"அண்ணா, ஒரு அடி போட்டா வந்துரும், அடிக்கட்டுமா?"

"இரு தம்பி. மரை மேல சுத்தியல் பட்டா வர்ற ஆக்சிலும் வராது. முதல்ல அதைச் சுத்த வைக்கணும்."

ஆக்சிலின் மரை முனை மீது நேராக அடித்தால் அந்த முனை விரிந்து குடை போலாகிவிடும். பிறகு அது பேரிங்கின் துளைக்குள் நுழையாது, நட்டும் ஏறாது. அதனால் முதலில் நட்டை மீண்டும் கையால் ஏற்றி, அதன் முகமும் ஆக்சிலின் முனையும் ஒரே மட்டத்தில் வரும்படி நிறுத்தினேன். பின்பு ஆக்சிலின் தலையில் நீளமான ஸ்பேனரைப் போட்டு, இறுக்கும் திசையில் சிறிதும் தளர்த்தும் திசையில் சிறிதுமாக மாறி மாறி விசை கொடுத்தேன். துருவின் பிடி இழுப்பதைக் காட்டிலும் முறுக்கும்போதுதான் விரைவில் விடும். சிறிது நேரத்தில் ஒரு மெல்லிய முறியும் ஓசை கேட்டது. அதன் பின் ஆக்சில் சிறிது சிறிதாகத் திரும்பத் தொடங்கியது. மறுபடியும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, முழுச் சுற்று தடையின்றிச் சுற்றும் வரை திருப்பிக்கொண்டே இருந்தேன்.

சுற்றத் தொடங்கிய பின்னும் அது வெளியே வராமல் சிக்கினால், காரணம் பெரும்பாலும் துரு அன்று, சக்கரத்தின் எடைதான். ஃபோர்க் மேலே நிற்க, சக்கரம் தன் முழு எடையோடு ஆக்சிலின் மீது தொங்குகிறது. அந்த எடை ஆக்சிலைத் துளையின் ஒரு விளிம்போடு அழுத்திப் பிடிக்கிறது. டயரின் அடியில் ஒரு பலகையை நுழைத்து நெம்பி, சக்கரத்தைச் சிறிதளவு தூக்கிப் பிடிக்குமாறு தம்பியிடம் சொன்னேன். எடை நீங்கியதும், நட்டின் மீது ஒரு மரக்கட்டையை வைத்து மென்மையாகத் தட்டினேன். நட்டு ஃபோர்க்கைத் தொடும் வரை ஆக்சில் நகர்ந்தது. அதன் பிறகு நட்டைக் கழற்றிவிட்டு, ஆக்சிலைவிடச் சற்று மெலிந்த 10 மில்லிமீட்டர் பித்தளை ராடை உள்ளே வைத்துத் தள்ளினேன். ராடு இரும்பாக இருந்தால் ஆக்சிலின் முனையையும் ஃபோர்க்கின் அலுமினியத் துளையையும் கீறிவிடும். பித்தளை தான் நசுங்குமே தவிர மற்றதைக் கெடுக்காது. லேத் பட்டறையில் கேட்டால் ஒரு துண்டு வெட்டித் தருவார்கள்.

உருவும்போதே எந்தப் பக்கத்திலிருந்து எது விழுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வலப்புறம் காலர் எனும் ஒரு சிறு வளையம், இடப்புறம் ஸ்பீடோமீட்டர் கியர் பெட்டி. இரண்டையும் செல்பேசியில் படமெடுத்தது மட்டுமன்றி, தரையில் விரித்த செய்தித்தாளின் மீது ஆக்சிலில் இருந்த அதே வரிசையில், அதே முகம் வெளியே பார்க்கும்படி அடுக்கி வைத்தேன். படத்தில் காலரின் எந்த முகம் உள்ளே போகிறது என்பது சில நேரம் தெரியாமல் போகும். தாளில் அந்தக் குழப்பம் வராது.

வெளியே வந்த ஆக்சிலைத் துடைக்காமல் முதலில் அப்படியே பார்த்தேன், ஏனென்றால் துரு எங்கே இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். பேரிங்குகளின் உள்வளையம் உட்கார்ந்த இரண்டு இடங்களிலும் விரல் அகலத்துக்கு இரண்டு பட்டைகள் ஓரளவு பளபளப்பாக இருந்தன. அவற்றின் விளிம்புகளில் கருஞ்சிவப்பு வளையங்கள். இரண்டுக்கும் இடையில் ஸ்பேசர் குழாய்க்குள் இருந்த நீளம் முழுவதும் செம்பழுப்புத் தூள். இடப்பக்கத்துச் சீலின் உதட்டில் ஒட்டியிருந்த கிரீஸ் தண்ணீர் கலந்து வெளுத்துக் குழைந்து போயிருந்தது; விரலில் தேய்த்தால் வழுவழுப்புக்கு நடுவே மணல் நெருடியது. வலப்பக்கத்துக் கிரீஸ் அந்த அளவுக்குக் கெடவில்லை. தண்ணீர் இடது சீல் வழியாகத்தான் நுழைந்திருக்கிறது.

துருவை 400 எண் எமரித் தாளில் எண்ணெய் தொட்டு நீக்கினேன். தாளை ஆக்சிலைச் சுற்றிப் பிடித்துச் சுழற்ற வேண்டும். அதன் தடிமன் குறையும் அளவுக்குத் தேய்க்கக் கூடாது, துருத் தூள் போனால் போதும். அடுத்து வளைவைப் பார்த்தேன். தடித்த கண்ணாடிப் பலகை ஒன்றின் மேல் ஆக்சிலை உருட்டி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று கவனித்து, தெரிந்த இடத்தில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் 0.2 மில்லிமீட்டர் தகட்டை நுழைத்துப் பார்த்தால் போதும். பல கையேடுகளில் ஆக்சில் வளைவுக்கு 0.2 மில்லிமீட்டர் என்பதே வரம்பாகக் குறிக்கப்பட்டிருக்கும். அந்தத் தகடு எளிதாக நுழைந்தால் ஆக்சிலை மாற்றிவிட வேண்டும். அடித்து நிமிர்த்திப் பயன்படுத்துவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். என் ஆக்சிலில் தகடு எங்கும் நுழையவில்லை.

பேரிங்குகளை மாற்றியாக வேண்டும். இடது பேரிங்கின் உள்வளையத்தை விரலால் சுற்றியபோது கரகரத்து இடையிடையே நின்றது. வலதும் கொஞ்சம் ஆடியது. ஒன்றை மட்டும் மாற்றுவது சரியாக வராது. இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பேரிங்கின் முகத்தில் 6301 என்று பொறித்திருந்தது: உள்துளை 12, வெளிவிட்டம் 37, அகலம் 12 மில்லிமீட்டர். கடைக்குப் போகும்போது இந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போவது நல்லது, ஏனென்றால் 6201க்கும் அதே 12 மில்லிமீட்டர் துளைதான். ஆனால் அதன் வெளிவிட்டம் 32, அகலம் 10. ஆக்சிலில் செருகிப் பார்த்து மட்டும் வாங்கினால் தவறானது கைக்கு வந்துவிடும். எண்ணுக்குப் பின் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரண்டு புறமும் ரப்பர் மூடி உண்டு என்று பொருள். நம் சாலைத் தூசிக்கும் தண்ணீருக்கும் அதுவே ஏற்றது.

பழையதை எடுக்க, உள்ளே இருக்கும் ஸ்பேசர் குழாயை ஒரு பக்கமாகச் சாய்த்து, எதிர்ப்புற பேரிங்கின் உள்வளையத்தில் பித்தளை ராடை வைத்துச் சுற்றிலும் மாறி மாறித் தட்டினேன். இப்படி உள்வளையத்தில் அடி வாங்கி வெளிவரும் பேரிங்கை மறுபடியும் பயன்படுத்தக் கூடாது. அடியின் விசை குண்டுகளின் வழியாகத்தான் வெளிவளையத்துக்குப் போகிறது, அதில் தடத்தில் பள்ளம் விழும். புதியதைப் பொருத்தும்போது இதற்கு நேர்மாறாக வெளிவளையத்தில் மட்டுமே விசை பட வேண்டும். புதிய பேரிங்குகளை உறையோடு ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, சக்கரத்தை வெயிலில் கிடத்தினேன். சித்திரை வெயிலில் ஹப் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறியிருந்தது. குளிர்ந்த பேரிங் சுருங்கியும் சூடான ஹப் விரிந்தும் இருந்ததால், வெளிவளைய அளவுள்ள ஒரு பாக்ஸ் ஸ்பேனர் தலையை வைத்துத் தட்டியதும் நேராக இறங்கியது. ஒரு பேரிங்கை முழுவதும் அமர்த்தி, ஸ்பேசர் குழாயை உள்ளே போட்டு, அதன் பிறகே மறுபுறத்தை ஏற்ற வேண்டும். ஸ்பேசர் இல்லாமல் மாட்டிவிட்டால், நட்டை இறுக்கும்போது இரண்டு உள்வளையங்களும் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்கப்பட்டுப் புதிய பேரிங்குகள் விரைவிலேயே பாழாகும்.

சீல்களையும் புதிதாகவே போட்டேன். ஆக்சிலின் நடுப்பகுதி முழுவதும் மெல்லிய பூச்சாக ஏ.பி.3 கிரீஸ் தடவினேன், மரையில் தடவவில்லை. கையேட்டில் சொல்லும் இறுக்க அளவு பொதுவாக உலர்ந்த மரைக்கானது. கிரீஸ் பூசிய மரையில் அதே அளவுக்குத் திருகினால் உராய்வு குறைந்து, போல்ட்டின் மீது விழும் இழுவிசை கூடிப் போகும்.

மாட்டும் வேலையில் என் கவனம் முழுவதும் ஸ்பீடோமீட்டர் கியர் பெட்டியின் மீது இருந்தது. அதன் உள்ளே இருக்கும் இரண்டு காதுகள் ஹப்பின் இரண்டு வெட்டுகளில் சரியாக அமர வேண்டும். வெளியே இருக்கும் முனை ஃபோர்க் காலில் உள்ள தடுப்பின் மேல் முட்டி நிற்க வேண்டும். காது வெட்டில் அமராமல் விளிம்பில் ஏறி நிற்கும்போது நட்டை இறுக்கினால், பெட்டி நசுங்கிவிடும். முன்னாலும் டிரம் பிரேக் உள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பிரேக் ஷூ பொருத்தப்பட்ட தட்டில் ஒரு பள்ளம் இருக்கும். ஃபோர்க் காலில் உள்ள மேடு அந்தப் பள்ளத்துக்குள் சென்று அமர்ந்திருக்க வேண்டும். அமராவிட்டால், பிரேக் பிடித்த உடனே தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று, சக்கரத்தைப் பூட்டி, ஓட்டுபவரைத் தூக்கி எறிந்துவிடும். இதை விரலால் தொட்டுப் பார்த்து உறுதி செய்த பிறகே ஆக்சிலை நுழைக்க வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

சக்கரத்தைப் பலகையால் தூக்கிப் பிடித்துக்கொண்டால் ஆக்சில் கையாலேயே போய்விடும். சுத்தியல் தேவைப்பட்டால் எங்கோ நேர் தவறியிருக்கிறது என்று பொருள். நட்டைக் கையால் மட்டும் முறுக்கி, காலிப்பரை மாட்டி, ஜாக்கியை எடுத்து, மூட்டையை இறக்கி, வண்டியைத் தரையில் நிறுத்தினேன். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைச் சில முறை அழுத்தி ஃபோர்க்கை ஏறி இறங்கச் செய்தேன். இரண்டு ஃபோர்க் கால்களும் ஆக்சிலின் மேல் தமக்கு இயல்பான இடத்தில் நின்றுகொள்வதற்காகத்தான் இது. இப்படிச் செய்யாமல் இறுக்கினால் ஒரு கால் உட்புறமாக இழுக்கப்பட்டு, ஃபோர்க் சிக்கிச் சிக்கி வேலை செய்யும்.

என் வண்டிக்கு இந்த நட்டின் இறுக்கம் 59 நியூட்டன் மீட்டர், அதாவது ஏறத்தாழ 6 கிலோ விசை மீட்டர். இறுக்க அளவைக் காட்டும் ஸ்பேனரான டார்க் ரெஞ்ச் கையில் இருந்தால் அதுவே சிறந்தது. இல்லாதவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்: 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் 20 கிலோ எடைக்குச் சமமான விசையைக் கொடுத்தால் அந்த இறுக்கம் வந்துவிடும். அதே கைப்பிடியின் மேல் ஏறி நின்றால் அது பல மடங்காகிவிடும். ஒவ்வொரு வண்டிக்கும் இந்த அளவு மாறும் என்பதால் அவரவர் கையேட்டையே பின்பற்ற வேண்டும். நைலான் வளையம் உள்ள நட்டாக இருந்தால் புதிய நட்டைப் போடுவதே முறை. பிஞ்ச் போல்ட்டை எல்லாவற்றுக்கும் கடைசியில் இறுக்கினேன். காலிப்பர் போல்ட்டுகளையும் கையேட்டின் அளவுக்கே இறுக்கினேன்.

வண்டியைத் தெருவில் இறக்கும் முன் பிரேக் லீவரைப் பலமுறை பிடித்து விட்டு, அது கெட்டியாக நிற்கிறதா என்று பார்த்தேன். காலிப்பரைக் கழற்றி மாட்டும்போது பேடுகள் சற்று பின்னோக்கிப் போயிருக்கும். அதனால் முதல் இரண்டு மூன்று பிடிப்பில் லீவர் ஹேண்டில் வரைக்கும் வந்துவிடும், சக்கரம் நிற்காது. இதைச் சாலையில் கண்டுபிடிக்கும் நிலைமை யாருக்கும் வரக் கூடாது. பிறகு சக்கரத்தை மீண்டும் உயர்த்திச் சுழற்றிப் பார்த்தேன். தடையின்றிச் சுற்றியது, பக்கவாட்டு அசைவு இல்லை. பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் மலைப்பாதையில் இறங்கி ஏறி வந்த பின் நட்டையும் பிஞ்ச் போல்ட்டையும் மறுபடி சரிபார்த்தேன். இரண்டும் இறுக்கியபடியே இருந்தன. ஹேண்டில்பாரில் இருந்த நடுக்கம் அந்த இறக்கத்தில் எங்கும் தெரியவில்லை.

ஆக்சிலை ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலம் முடிந்ததும் உருவித் துடைத்துக் கிரீஸ் தடவி மாட்டுவதாக முடிவு செய்திருக்கிறேன். இறுகாத ஆக்சிலுக்கு அது ஒரு காலை நேர வேலைதான். வாட்டர் சர்வீஸுக்கு வண்டியை விடும்போது, "அண்ணா, ரிம்முக்கும் டயருக்கும் அடிங்க, வீல் நடுவுல மட்டும் கன் பிடிக்காதீங்க" என்று சொல்லி, கழுவி முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்கிறேன்.